முன்னால் ஒரு கூட்டல் குறி

"நான்தான் பேசறேன்."

"எந்த நான்?"

"எந்த நானா? குரலை மாத்திப் பேசினா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

கண்ணாடிக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடையின் மூலையில், லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் பிட்டரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"யோவ், யாருய்யா நீ?" என்றது போன்.

"கட்டின புருஷனை யோவ்ங்கற அளவுக்கு வந்தாச்சா? மக வீட்டுக்குப் போய் முழுசா ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள இந்தக் கொழுப்பா? சரி, போகட்டும். கூப்பிட்டேன் பார்த்தியா? பந்தயத்துல யார் ஜெயிச்சது? மரியாதையாப் பெட்டியைக் கட்டு."

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க! எவனோ ஒருத்தன் என்னைப் பெட்டியைக் கட்டச் சொல்றான்!"

அடுத்து வந்த குரல் வேறு ரகம். அது பேச ஆரம்பிப்பதற்கு முன்பே மூச்சு விடுவது கேட்டது.

"நான் ஜிம் மாஸ்டர் பேசறேன். உன் வீடு எங்க இருக்கு?"

கண்ணாடிக்காரரின் கால் ஆடுவது நின்றது. "சார், இது என் சம்சாரத்தோட நம்பர். வெளிநாட்டுல என் பொண்ணு வீட்ல இருக்கா. அவளே சொல்லி நான் எழுதிக்கிட்ட நம்பர்."

"வெளிநாட்டு நம்பர்னா முன்னாடி கூட்டல் குறி போட்டு, அந்த நாட்டு எண்ணைப் போடணும்யா! அது தெரியாம என் பொண்டாட்டியைப் பெட்டி கட்டச் சொல்லுவியா? வச்சிடு!"

கண்ணாடிக்காரர் வைத்தார். பிறகு பிட்டரம்மாவைப் பார்த்து, "ராங் நம்பர். அந்தப் பக்கம் தப்பு" என்றார்.

விஷயம் இதுதான். கண்ணாடிக்காரர் தன் கடையில் ஊரையே உட்கார வைத்து, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தவர். ஆனால் போனில் தானாக ஒரு எண்ணைத் தேடி எடுத்து யாரையும் கூப்பிட்ட சரித்திரம் அவருக்குக் கிடையாது. வீட்டில் "டாக்டருக்குப் போடு" என்பார். மனைவி போட்டுக் கையில் கொடுப்பாள். கடையில் "லென்ஸ் கம்பெனிக்குப் போடுங்க" என்பார். பிட்டரம்மா போட்டுக் கொடுப்பாள். பேசுவது மட்டும் அவர் வேலை. அதை அவர் குறைவில்லாமல் செய்துவந்தார்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி ஒத்தாசைக்குக் கிளம்பினாள். விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "தனியா இருந்துடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். ஆசையாகக் கேட்டதுதான். அதற்கு இவர், "ஏன், நீ இல்லேன்னா உலகம் நின்னுடுமா? எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். அவள் முகம் சுருங்கியது. "சரி, இறங்கினதும் நானே என் போன்லேர்ந்து கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இறங்கினாள். கூப்பிடவில்லை. அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று மகளிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. சில நாள் கழித்து மாப்பிள்ளையின் போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் மனைவி.

"எல்லாம் தெரியும்னு சொன்னீங்கல்ல? என் புது நம்பரைச் சொல்றேன், எழுதிக்கங்க. இனிமே இங்கேர்ந்து யாரும் உங்களைக் கூப்பிட மாட்டோம். நீங்களே இந்த நம்பர்ல என்னைக் கூப்பிடணும். பொண்ணு, மாப்பிள்ளை நம்பருக்குக் கூப்பிட்டா செல்லாது. யார்கிட்டயும் கேட்கக் கூடாது, யார் போனையும் வாங்கக் கூடாது. கூப்பிட்டுட்டீங்கன்னா மாசக் கடைசியில வந்துடறேன். இல்லேன்னா இன்னும் ஆறு மாசம் இங்கதான். குழந்தையைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன்."

"இவ்வளவுதானா? வை போனை, இப்பவே கூப்பிடறேன்" என்றார் கண்ணாடிக்காரர். அந்த 'இப்பவே' நடந்து ஒரு வாரம் ஆகிறது.

வெளியே வீம்பு பேசினாரே தவிர, வீட்டில் அவர் படும் பாடு சொல்லி மாளாது. அவள் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரைக் கண்டாலே எரிந்து விழுந்தவர், இப்போது ஒரு நாள் விடாமல் உட்கார்ந்து பார்த்தார். அவள் வந்ததும் விட்டுப்போன கதையை யார் சொல்வது? வில்லி விஷம் வைத்த அன்று, அதைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லாமல், அவள் உட்காரும் காலி நாற்காலியிடமே சொல்லிவிட்டார். ஆறு மாதம் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

"முதலாளி, நான் வேணா..." என்று எழுந்தாள் பிட்டரம்மா.

"உட்காருங்க! யார் தயவும் எனக்கு வேணாம்."

"அந்த ஜிம்காரர் சொன்னாரே, நாட்டு எண்ணுன்னு?"

"திட்டினவன் சொன்னது உதவிக் கணக்குல வராது."

நாட்டு எண் கிடைப்பது கஷ்டமாக இல்லை. மாப்பிள்ளை அழைத்திருந்த பட்டியலில், அவர் எண்ணுக்கு முன்னால் அது பளிச்சென்று இருந்தது. கூட்டல் குறிதான் சிக்கவில்லை. போனின் எண் பலகையில் நட்சத்திரம் இருந்தது, வேலி மாதிரி ஒரு குறி இருந்தது, கூட்டல் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் கணக்குப் போடும் பொத்தானுக்குள் அதைக் கண்டுபிடித்தார். உடனே நாட்டு எண்ணைப் போட்டு, கூட்டல் போட்டு, மனைவியின் எண்ணையும் போட்டார். போன் இரண்டையும் கூட்டி விடை சொன்னது. அந்த விடைக்கு அழைத்தார். அப்படி ஓர் எண் உலகத்தில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள்.

"நீ சொல்லாதே. நான் பார்த்துக்கறேன்" என்று அவளையும் அதட்டினார்.

மறுநாள் போனையே குடைந்தார். தொடர்புகள் பகுதியில் ஒரு மூலையில், 'நாட்டு எண் சேர்' என்று ஒரு வசதி கண்ணில் பட்டது. கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் நாட்டு எண்ணைத் தட்டினார். அடியில் பொடி எழுத்தில் ஏதோ கேள்வி வந்தது. வாடிக்கையாளர் யாராவது கடைசி வரியைப் படிக்காமல் விட்டால் திட்டித் தீர்க்கும் மனிதர், தன் முறை வந்ததும் படிக்காமல் 'சரி' என்று அமுக்கினார்.

கேள்வி இதுதான்: எல்லாத் தொடர்புகளுக்கும் சேர்க்கவா?

மனைவியின் எண்ணை அழைத்தார். புரியாத மொழியில் ஒரு பதிவுக் குரல் பேசியது. நல்ல விஷயம் போல இருந்தது, ஆனால் மனைவி இல்லை. அதற்குள் பிட்டரம்மா அதே போனை வாங்கி, தினமும் போல, 'உங்கள் கண்ணாடி தயார். வந்து வாங்கிக்கொள்ளவும்' என்ற செய்தியை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டாள்.

அன்று ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. பதில்கள் மட்டும் வந்தன. எல்லாம் கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் பார்த்தறியாத எழுத்தில் இருந்தன. ஒருவர் பன்னிரண்டு கேள்விக்குறி போட்டிருந்தார். இன்னொருவர் ஒன்றும் எழுதாமல், தன் உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

"முதலாளி," பிட்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவரு நம்ம கஸ்டமர் இல்லையே."

"இல்லதான்." கண்ணாடிக்காரரும் குனிந்து பார்த்தார். "ஆனா காது கம்பியில ஒரு ஸ்க்ரூதான் போயிருக்கு. இதுக்குப் போய் புதுசு வாங்கிடப் போறான் பாவி."

பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண் டாக்டரை அழைத்துப் பார்த்தார். அயல்நாட்டுக் கிழவர் ஒருவர் எடுத்து மிகவும் அன்பாகப் பேசினார். லென்ஸ் கம்பெனியை அழைத்தார். ஒரு நாய் குரைத்தது. போனில் இருந்த அத்தனை பேரும், தண்ணீர் கேன் போடுகிறவர் உட்பட, ஒரே நாளில் வெளிநாட்டுக்குக் குடிபோயிருந்தார்கள்.

"நான் பார்க்கட்டுமா?" என்றாள் பிட்டரம்மா. "சேர்த்த மாதிரியே எடுத்துடலாம்..."

"போட்டவனுக்கு எடுக்கத் தெரியாதா?"

எடுக்கவும் ஒரு வசதி இருந்தது. முன்னாலிருந்து எத்தனை இலக்கம் நீக்க வேண்டும் என்று அது கேட்டது. கண்ணாடிக்காரர் விரல் விட்டு எண்ணினார். கூட்டல் குறியையும் ஒரு இலக்கமாகச் சேர்த்து எண்ணினார். போன் அதை இலக்கமாக மதிக்கவில்லை. நாட்டு எண்ணோடு சேர்த்து ஒவ்வொருவருடைய சொந்த எண்ணிலும் முதல் இலக்கம் பறிபோயிற்று.

"அதனால என்ன?" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒரு இலக்கம்தானே? திருப்பிப் போட்டுடலாம். என் நம்பர் ஏழுல ஆரம்பிக்குது. இந்த ஊர்ல எல்லாருக்கும் ஏழுதான்."

"எனக்கு ஒன்பது" என்றாள் பிட்டரம்மா.

"உங்களுக்கு மட்டும் அப்படி அமைஞ்சிருக்கும்."

எல்லோருக்கும் ஏழைப் போட்டார். மனைவியின் எண் மட்டும் சீட்டில் எழுதி இருந்ததால், அதைப் பார்த்து முன்னால் பழையபடி சைபர் போட்டுச் சரி செய்தார். சரிதானா என்று பார்க்க ஒரு தடவை அமுக்கினார்.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல்.

"ஐயோ" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஏங்க! அந்தப் பெட்டிக்காரன் மறுபடியும்!"

இந்தத் தடவை ஜிம் மாஸ்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு. நேர்ல வரேன்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் போனை அணைத்துப் பெட்டியில் போட்டிருப்பார்கள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாங்களேன்! எனக்கென்ன பயமா? ரயில்வே கேட் தாண்டி இடது பக்கம் மூணாவது கடை. வாசல்லயே பெரிய மூக்குக்கண்ணாடி தொங்கும்!" என்று வழியும் சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகு எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தார்.

அந்தப் பதற்றத்தில்தான் அடுத்த காரியம் நடந்தது. போன் தானாக ஒரு யோசனை சொன்னது: ஒரே மாதிரி பெயர்கள் நிறைய உள்ளன, இணைக்கவா? இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும், பெயருக்கு முன் 'கண்ணாடி' என்று போட்டுத்தான் பதிய வேண்டும் என்பது கண்ணாடிக்காரர் போட்ட சட்டம். கண்ணாடி பேங்க் மேடம், கண்ணாடி தாடிக்காரர், கண்ணாடி பெரியம்மா, கண்ணாடி நடுநெற்றி வழுக்கை. ஒழுங்காகத் தேடி எடுக்கலாமாம். இணைப்பது நல்லதுதானே என்று அவர் அமுக்கியதும், அத்தனை பேரும் 'கண்ணாடி' என்ற ஒரே ஆளாகிவிட்டார்கள். அந்த ஆளுக்கு நானூற்றுச் சொச்சம் எண்கள் இருந்தன.

பிட்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "முதலாளி, அம்மா வர்ற வரைக்கும் இதைத் தொடாம இருந்திடலாமா?"

"தொட்டாத்தான்மா அவ வருவா!"

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

பிறகு, ஒரே ஆளாகிவிட்டால் ஒரே செய்தி போதுமே என்று தோன்றியது. எண்ணெல்லாம் குழம்பிவிட்டது, நேரில் வந்து எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று எழுத நினைத்தார். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. சுருக்கி, 'மிக அவசரம். உடனே கடைக்கு வரவும்' என்று அந்த ஒரே ஆளின் அத்தனை எண்களுக்கும் அனுப்பினார்.

ஏழில் ஆரம்பிக்கும் எண்காரர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. கண்ணைப் பரிசோதித்த கடையிலிருந்து 'மிக அவசரம்' என்று செய்தி வந்தால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? பேங்க் மேடம் கவுண்டரை மூடிவிட்டு வந்தாள். தாடிக்காரர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணால் வழி பார்த்துக்கொண்டே வந்தார். ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எனக்கு ஏதாவது ஆயிடுச்சா? மறைக்காம சொல்லிடுங்க. மனசைத் தேத்திக்கிட்டுதான் வந்திருக்கேன்" என்றார். சிறிய கடை. உள்ளே முட்டி மோதி, மீதிப் பேர் வாசலில் நின்றார்கள்.

"ஒருத்தர் கண்ணுக்கும் ஒண்ணுமில்ல!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். "போன்தான் கெட்டுப்போச்சு!"

"போனா? இவ்வளவுதானா? இங்க கொடுங்க" என்றாள் பேங்க் மேடம்.

"கொடுங்க சார், நான் பார்க்கறேன்" என்றார் தாடிக்காரர், கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டு.

"இப்படித் தாங்க, என் மச்சான் போன் கடைதான் வச்சிருக்கான்" என்றது இன்னொரு குரல். நாலா பக்கமிருந்தும் கைகள் நீண்டன. அந்தக் கைகளையெல்லாம் விலக்கிக்கொண்டு, கதவை அடைத்த மாதிரி ஓர் உருவம் உள்ளே வந்தது. பின்னாலேயே ஓர் அம்மாள்.

"யாருய்யா இங்க பெட்டிக்காரன்?" என்றார் ஜிம் மாஸ்டர்.

கண்ணாடிக்காரர் சுற்றிலும் பார்த்தார். போக வழியில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலி மேல் ஏறி நின்றார்.

"அடிக்கறதுன்னா அடிங்க! ஆனா ஒருத்தரும் இந்தப் போனைத் தொடக் கூடாது! எப்படிப் போடணும்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது! சொல்லிட்டீங்கன்னா என் பொண்டாட்டி வர மாட்டா!"

"நானே போடணும். நானே கூப்பிடணும். அதுதான் பந்தயம். இல்லேன்னா ஆறு மாசம் வர மாட்டேன்னுட்டா." குரல் லேசாகப் பிசிறியது. "நீ இல்லேன்னா உலகம் நின்னுடுமான்னு கேட்டவன் நான்தான். நின்னுடுச்சு. போதுமா? எல்லாரும் கேட்டுக்கங்க, நின்னுடுச்சு! ஆனா அதுக்காக நான் யார் கால்லயும் விழ மாட்டேன். இன்னிக்கு இந்தப் போனா நானான்னு பார்த்துடறேன்!"

ஜிம் மாஸ்டரின் மனைவி தன் கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "பாவங்க" என்றாள்.

ஜிம் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்தார். "கேட்டுச்சுல்ல? எல்லாரும் ரெண்டடி தள்ளி நில்லுங்க! எவனாவது வாயைத் திறந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். சார், நீங்க போடுங்க."

கண்ணாடிக்காரர் முக்காலியிலேயே உட்கார்ந்தார். மனைவி சொன்ன எண்ணை எழுதிய சீட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். எண் பலகையைத் திறந்தார். முன்னால் கூட்டல் குறி. அது எங்கே? விரல் சைபர் மேல் போய் நின்றது. அமுக்கிய விரலை எடுக்காமலே யோசித்தார். எத்தனை நேரம் யோசித்தாரோ, சைபர் இருந்த இடத்தில் கூட்டல் குறி முளைத்தது.

"வந்துடுச்சு!" என்று அலறினார். "இவ்வளவு நாளா சைபருக்குள்ளயா உட்கார்ந்திருந்தே?"

கூட்டத்தில் யாரோ கை தட்டப் போனார்கள். ஜிம் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். தட்டவில்லை.

நாட்டு எண்ணைப் போட்டார். பிறகு சீட்டைப் பார்த்து மனைவியின் எண்ணை முதலிலிருந்து போட ஆரம்பித்தார். முதல் இலக்கம் சைபர். அதை அமுக்கியதும் பேங்க் மேடம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தாடிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவியின் தோளைப் பிடித்து வந்த மனிதர் மெல்ல முனகினார்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "யாரும் கண்ணை மூடக் கூடாது! முனகக் கூடாது! அதுவும் உதவிதான்!"

எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்யாணப் படத்துக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். அவர் மீதி எண்ணையும் போட்டு அழைத்தார். பழைய பதிவுக் குரல் புரியாத மொழியில் பேசியது. அன்றைக்கு நல்ல விஷயமாகத் தோன்றிய அதே குரல், இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

பிட்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு தேய்க்கும் இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் போட்டாச்சு" என்று தனக்குத்தானே பேசினார் கண்ணாடிக்காரர். "கூட்டல் போட்டாச்சு. நாடு போட்டாச்சு. அவ சொன்ன நம்பரும் போட்டாச்சு. அப்புறம் என்ன கேடு?" சீட்டையே பார்த்தார். "இந்த சைபர் எதுக்கு முன்னாடி நிக்குது? அவ அந்த ஊருக்குள்ள இருந்துக்கிட்டு சொன்ன நம்பர். ஊருக்குள்ள இருக்கறவங்க கூப்பிட்டுக்கறதுக்கு ஒரு சைபர். நான் வெளியிலேர்ந்து வரேன். எனக்குத்தான் நாட்டு எண் இருக்கே. ரெண்டு வாசல் எதுக்கு?"

ஜிம் மாஸ்டர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் சைபரை அழித்தார். அழைத்தார்.

மணி அடித்தது. உள்ளூர் மணி மாதிரி இல்லை. நீளமாக, வேறு மாதிரி அடித்தது.

"ஹலோ, யாரு?"

"நான்தான்."

இந்தத் தடவை எந்த நான் என்று யாரும் கேட்கவில்லை. "நிஜமாவே நீங்களாங்க?" என்றாள் மனைவி.

கைதட்டலில் கடையே அதிர்ந்தது. பேங்க் மேடமும் தாடிக்காரரும் கட்டிப்பிடிக்காத குறை. ஜிம் மாஸ்டர் முக்காலியோடு கண்ணாடிக்காரரைத் தூக்கிவிட்டார். அவர் அந்தரத்தில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"என்னங்க சத்தம் அது? கடையில ஏதாவது சண்டையா?"

"சாட்சிங்க! நானே போட்டேன். ஒருத்தர் வாய் திறக்கல. வேணும்னா கேட்டுக்க!"

"யாருமே சொல்லித் தரலையா?"

"எனக்கு எவன் சொல்லித் தரணும்? நான்தான் சொன்னேனே, எனக்கு எல்லாம் தெரியும்னு!" என்றவர், உடனே குரலை இறக்கினார். "வந்துடுவல்ல?"

"வரேன்" என்றாள். அவள் குரலும் ஒரு மாதிரி இருந்தது. பிறகு சட்டென்று கறாராக, "இருங்க, இருங்க. நீங்கதான் போட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது? என்னென்ன பண்ணீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள்.

கண்ணாடிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். சைபரை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கூட்டல் வரும் என்றார்.

"விடாமப் பிடிக்கணுமா? எவ்வளவு நேரம்?"

"அது வர்ற வரைக்கும். அப்புறம் நாட்டு எண்."

"மெதுவா. ம், அப்புறம்?"

"அப்புறம் நம்பர். ஆனா முன்னாடி சைபர் இருந்தா அதை எடுத்துடணும். அங்கதான் சூட்சுமமே இருக்கு. படிச்சவங்களுக்கே அது தெரியாது."

"ஓகோ" என்றாள் மனைவி, மிகவும் மரியாதையாக. "சரிதான். ஒத்துக்கறேன், நீங்கதான் போட்டிருக்கீங்க. குழந்தை அழுவுது. இந்தாங்க, மாப்பிள்ளைகிட்ட பேசிக்கிட்டு இருங்க."

போன் கை மாறியது. கண்ணாடிக்காரர் முக்காலியில் இன்னும் உயரமாக உட்கார்ந்து, கடைக்கே கேட்கும்படி, "என்ன மாப்பிள்ளை, பார்த்தீங்களா? இந்த வயசுல உங்க அத்தைக்கே சவால் விட்டு ஜெயிச்சிருக்கேன்!" என்றார்.

ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியமாக ஒரு குரல் வந்தது:

"மாமா, அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வந்து இறங்கின அன்னிக்கு உங்க நம்பருக்கு முன்னாடி நாட்டு எண் போடறேன்னு உட்கார்ந்தவங்க, ஊர்லேர்ந்து கொண்டு வந்த பழைய போன்ல இருந்த அத்தனை நம்பரையும் குழப்பிட்டு, என்னையும் தொட விடாம, வேற வழியில்லாமதான் உங்களைக் கூப்பிடச் சொல்லிப் பந்தயமே கட்டினாங்க. இப்ப நீங்க சொன்னதையெல்லாம் உள்ள உட்கார்ந்து அதே பழைய போன்ல ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்காங்க!"